நீலக் கையுறையும் பாங்குச் சுவிட்சும்

கொழும்பு ரயில் கல்லோயாச் சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கு இங்கால் தண்டவாளத்தின் மேல் வெள்ளம் கிடந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம் அது. சூறாவளி அடித்து இரண்டு மாதமாகியும் மழை விட்டபாடில்லை. ஹார்பர் டாக்கீஸுக்குப் படப்பெட்டி அந்த ரயிலில்தான் வரும். ரயில் இல்லையென்றால் பெட்டி இல்லை, பெட்டி இல்லையென்றால் படம் இல்லை. மழைக்குள் திருகோணமலைச் சனத்துக்கு வேறு போக்கிடமும் இல்லை.

ஸைனுலாப்தீன் முதலாளி கொட்டகையைப் பூட்டிவைத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் அல்ல. அவருடைய வாப்பா கட்டிய கொட்டகை அது. நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். பள்ளிவாசல் மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நாள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் திரைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையைத் திறந்தார். உடைந்த கதிரைகளுக்கு அடியில் துருப்பிடித்த தகரப் பெட்டிகள் ஏழு கிடந்தன. ஒட்டியிருந்த தாளில் ‘நீலக் கையுறை’ என்ற பெயர் அரைகுறையாகத் தெரிந்தது.

ரிக்கெற் கொடுக்கும் புஷ்பவதி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“முதலாளி, இந்தப் படம் எனக்குத் தெரியும். ஐம்பத்தோராம் ஆண்டு இஞ்சதான் பாத்தனான். பத்து வயசு. ஒரு மாசம் அம்மாவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டுதான் கிணத்தடிக்குப் போனனான்.”

“அப்படிப் பயமோ?”

“ஒரு டொக்டரின்ர வீடு. மலையில தனிய நிக்குது. அந்த வீட்டுக்கு வாறவை ஒவ்வொருத்தராச் சாகினம். கதவு இடுக்கால ஒரு கை மட்டும் வரும், கையுறை போட்ட கை. அவ்வளவுதான் காட்டுவான்.”

“கறுப்பு வெள்ளைப் படத்தில கையுறை நீலம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?” என்று முதலாளி கேட்டார்.

“பேரிலயே கிடக்குதே.”

அந்தப் படத்தில் பாட்டு இல்லை, கூத்து இல்லை. அந்தக் காலத்துச் சனம் பாட்டில்லாத படத்தைப் பார்க்குமா? மூன்றாம் நாளே திரைக்குத் தோடம்பழத் தோல் எறிந்தார்கள். படம் எடுத்த கொம்பனியும் அதோடு நொடிந்துபோனது. பெட்டியைத் திருப்பிக் கேட்க ஒருவரும் வரவில்லை. இருபத்தெட்டு வருடம் அது கதிரைக்குக் கீழே கிடந்தது.

முதலாளி பெட்டிகளை மெசின் அறைக்கு ஏற்றுவித்தார். அங்கே இருந்தவர்தான் அபூதாஹிர்.

அபூதாஹிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணியாவில் பிறந்தவர். பதினெட்டு வயதில் துறை கடந்து வந்து வெள்ளைக்காரனின் நேவித் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பற்காரருக்குப் படம் காட்டுகிற கொட்டிலில் பெட்டி தூக்கி, பிறகு மெசினில் நிற்கப் பழகினார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனான். அபூதாஹிரின் வேலையும் அவனோடு கப்பலேறிவிட்டது. அதன் பிறகு மூதூர்ப் பக்கம் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தார். அங்கே அவருக்குக் கூட்டாளியாக இருந்தவன் ஈச்சிலம்பற்று வேலாப்போடி. ஒரே பாயில் படுத்து ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவர்கள்.

ஒருநாள் மெசினுக்குள் பிலிம் சிக்கியது. பழைய காலத்துப் பிலிம். கார்பன் விளக்கின் சூட்டில் ஒரே இடத்தில் நின்றால் அது தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது, மண்ணுக்கும் அடங்காது. தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினாலும் உள்ளேயே நின்று எரியும். அபூதாஹிர் தேத்தண்ணி வாங்கப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்தபோது கூடாரத்தின் ஒரு பக்கம் இல்லை. சனம் ஓடித் தப்பிவிட்டது. வேலாப்போடி தப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ஹார்பர் டாக்கீஸுக்கு வந்தார். அந்தக் காலத்திலேயே தீப்பிடிக்காத புதுப் பிலிம் வந்துவிட்டது. இருபது வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனாலும் அவருடைய மனைவி றஹ்மா ஒருநாளும் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. மூதூர்க் கதை அவளுக்கு வயிற்றுக்குள்ளேயே நின்றது.

இப்போது அபூதாஹிர் பெட்டியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிலிமின் நுனியில் விரல் நீளம் வெட்டி, மழைக்குள் வெளியே கொண்டுபோய்க் கல்லின் மேல் வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டினார். குச்சி தொடுவதற்கு முன்னமே அது சீறி எரிந்து ஒன்றுமில்லாமற் போனது. நனைந்த கல்லில் கறுப்பு மட்டும் இருந்தது.

“இது பத்துற பிலிம், முதலாளி. ஓட்ட ஏலாது.”

“ஒரு காட்சி மட்டும், அபூதாஹிர்.”

“அரைக் காட்சியும் ஏலாது.”

ஆனால் கதை அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. ரிக்கெற் ஓட்டைக்குள் இருந்தபடி புஷ்பவதி வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர்ஸ் ஹில்லில் இருந்து உத்தியோகத்தர்கள் விசாரித்து ஆள் அனுப்பினார்கள். சாம்பல்தீவில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வரப் போகிறார்களாம். முதலாளி ஒரு முடிவோடு மேலே ஏறி வந்தார்.

“நீ நிக்காட்டி மற்றக் கொட்டகையில நிக்கிற பொடியனைக் கூப்பிடுவன்.”

“அவன் மெசின் அறைக்குள்ளயே பீடி குடிக்கிறவன்.”

“அது எனக்கும் தெரியும்.”

அபூதாஹிர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவன் நின்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தான் நின்றால் நடக்காமலும் போகலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

“நானே நிக்கிறன். ஆனா நான் சொல்லுறபடி எல்லாம் நடக்கோணும்.”

அவர் சொன்னபடி எல்லாம் நடந்தது. ஓசியில் பார்க்க வருகிறவர்களைத் தடுக்கப் படம் ஓடும்போது கதவுகளை வெளியே பூட்டுவது அந்தக் கொட்டகையின் வழக்கம். அன்றைக்குப் பூட்டுகளைக் கழற்றி முதலாளியின் மேசையில் வைத்தார்கள். பெண்கள் பக்கத்துக் கதவும் திறந்து, மறைப்புக்குச் சாக்கு மட்டும் தொங்கியது. பீடி, சுருட்டு, நெருப்புப்பெட்டி எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைக்க ஆள் நின்றான். மெசின் அறையில் ஈரச் சாக்குகள் கிடந்தன. கீழே பார்க்கும் சின்ன ஓட்டைகளுக்குத் தகர மூடிகள் உண்டு. அவற்றின் கயிற்றுக்கு எண்ணெய் விட்டார். பிலிம் முழுவதையும் இரண்டு இரவு கையால் தடவி, கிழிந்த ஓரங்களை ஒட்டினார்.

எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மறந்துவிட்டார்.

சனிக்கிழமை மெட்டினிக்கு அப்படிச் சனம். கதிரைகள் நிரம்பி, முன்னால் கிடந்த பலகை வாங்குகள் நிரம்பி, சுவரோடும் நின்றார்கள். மழைக்கு நனைந்த சனத்தின் ஆவி மெசின் அறைவரை வந்தது. அபூதாஹிர் ஓட்டையால் பெண்கள் பக்கம் பார்த்தார். பார்த்த கண் அங்கேயே நின்றது. முதலாளியின் மருமகள் ஸல்ஹாவுக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு றஹ்மா இருந்தாள்.

இருபது வருடத்தில் இன்றைக்குத்தானா இவளுக்கு வழி தெரிந்தது? ஸல்ஹா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். எந்தப் பிலிம் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவரும் சொல்லவில்லை.

முதல் றீல் ஓடி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கீழே மூச்சுச் சத்தம் இல்லை. கச்சான்கடலை உடைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. அந்தக் கை முதன்முதலாகத் திரையில் வந்தபோது முழுக் கொட்டகையும் ஒரே ஆளைப் போலப் பின்னால் சாய்ந்தது. வாங்கில் இருந்து ஒருவன், “டொக்டர்தான்டா” என்றான். “டொக்டர் கட்டிலில கிடக்கிறார், மடையா,” என்றான் மற்றவன். “சும்மா நடிக்கிறார்.” “பொத்திக்கொண்டு பார்.” அதோடு அந்தச் சத்தமும் இல்லை. தோடம்பழத் தோல் எறிந்த அதே ஊர்தான் இது.

மூன்றாவது றீலை மாட்டி ஓடவிட்டுவிட்டு அபூதாஹிர் முகத்தைத் துடைத்தார். அப்போது கீழே கதவடியில் முதலாளி நிற்பது தெரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுவரில் அந்தச் சுவிட்ச்.

அதைத்தான் அபூதாஹிர் மறந்திருந்தார்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கொட்டகை கட்டியபோது முதலாளியின் வாப்பா பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மெசினும் நிற்கும், சத்தமும் நிற்கும். மெசின்காரனை நம்பாமல் கீழே தனியாக ஒரு சுவிட்சும் போட்டார். அதற்குப் பெயரே பாங்குச் சுவிட்ச். அதைப் போட்டால் மோட்டர் நிற்கும், சத்தம் நிற்கும். மேலே விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், அது வேறு கம்பி. மெசின்காரன் ஆறுதலாக விளக்கின் மூடியைப் போடுவான். புதுப் பிலிம் மிஞ்சினால் கொஞ்சம் உருகும், தீப்பிடிக்காது.

இந்தப் பிலிம் பிடிக்கும்.

இருபது வருடமாகத் தினமும் நடக்கிற காரியம். அது காரியமாகவே அவருடைய நினைப்பில் இருக்கவில்லை. முதலாளிக்கும் இருக்கவில்லை. பூட்டு, பீடி, சாக்கு எல்லாம் புதுக் கட்டளைகள். பாங்குச் சுவிட்ச் மூச்சு விடுவது போல. மூச்சு விடாதே என்று ஆர் சொல்லுவான்?

இறங்கிப் போக ஏலாது. கார்பன் குச்சிகள் எரிய எரிய அவற்றைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கத்தவும் ஏலாது. மேலேயிருந்து மெசின்காரன் கத்தினால் சனம் என்ன நினைக்கும்? தானே நிறுத்தலாம். ஆனால் படம் உச்சத்தில் நின்றது. பாங்கு இல்லாமல் இப்போது நிறுத்தினால் வாங்குக்காரர் போத்தலோடு மேலே ஏறி வருவார்கள். போன மாதம் வந்தவர்கள்தான். அவர்களில் எவன் மடிக்குள் பீடி இருக்கிறது, எவனிடம் இல்லை என்று ஆருக்குத் தெரியும்?

ஒரு வழிதான் இருந்தது. பாங்குக்கு முன் பள்ளியில் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் முதலாளியும் சுவிட்சில் கை வைப்பார். தட்டுச் சத்தம் கேட்டதும் மூடியைப் போட்டுவிட்டால் போதும். இடது கையை விளக்கின் மூடியில் வைத்தார். வலது கையால் கார்பனைத் திருகினார். காதை மதில் பக்கம் கொடுத்தார்.

திரையில் அந்த மலை வீட்டுக்குள் பெண்ணொருத்தி விளக்கோடு படியேறினாள். அபூதாஹிர் படத்தைப் பார்க்கவில்லை. பிலிம் தான் சுற்றியிருந்த மேல் சில்லில் இருந்து இறங்கி மெசினுக்குள் நுழைகிற இடத்தையே பார்த்தார். மெசினின் பற்கள் பிலிமைக் கடகடவென்று கடித்துக் கடித்து விட்டன. பெண் ஏறினாள். கதவு திறந்தது. அந்த நேரம் படத்துக்குள் இடி இடித்தது. அப்படியொரு இடி. தகரக் கூரையில் விழுந்த மெய் மழையும் சேர்ந்துகொண்டது. அந்த இரைச்சலுக்குள் மைக் தட்டினார்களோ இல்லையோ, அவருக்குக் கேட்கவில்லை. அதே நொடியில் விளக்கு மங்கியது. கார்பனில் வலது கை வழுக்க, இடது கையும் உதவிக்குப் போனது.

மோட்டர் நின்றது.

திரையில் அந்தப் பெண்ணின் முகம் அசையாமல் நின்றது. முகத்தின் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. அவர் மூடியை அறைந்து போட்டார். பிந்திவிட்டது. மெசினின் வாயில் இருந்து நெருப்பு நாக்கு மேலே எழும்பியது.

“அல்லாஹு அக்பர்” என்று பள்ளியில் பாங்கு தொடங்கியது.

கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஓட்டை மூடிகள் இரண்டும் விழுந்தன. கீழே சனத்துக்கு இருட்டு மட்டும்தான் தெரியும், தினமும் தெரிகிற இருட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் நெருப்பே தேவையில்லை. மேல் சில்லுக்கும் நெருப்புக்கும் இடையில் ஒரு சாண்தான். நெருப்பு மேலே போவதற்குள் பிலிமைப் பிடித்துக் கிழித்தார். பழைய பிலிம், கிழிய மறுத்தது. பல்லால் கடித்து அறுத்தார். கீழ்ப் பக்கம் கிழிக்கக் கையை நெருப்புக்குள்ளால்தான் விட வேண்டும். விட்டார். கிழிந்தது. எரிகிற துண்டை நிலத்தில் தட்டிவிட்டு, மேல் சில்லின் வாயில் ஈரச் சாக்கைத் திணித்து, அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

கீழே நிசப்தம். சினிமாக் கொட்டகையில் சனம் அப்படி மரியாதையோடு இருப்பது பாங்கு நேரத்தில் மட்டும்தான். தமிழரும் முஸ்லிம்களும் ஒரு சத்தமும் இல்லாமல் இருட்டுக்குள் இருந்தார்கள். அவர்களுடைய தலைக்கு மேலே நிலத்தில் கிடந்த துண்டு சீறி எரிந்தது. பலகைத் தளம் கறுத்தது. அபூதாஹிர் காலால் சாக்கை இழுத்து ஓரத்து மரத்தை மூடினார். பிலிமை அணைக்க ஏலாது, மரத்தைக் காப்பாற்றலாம். பாங்கு இழுத்து இழுத்துப் போனது. அவர் வாழ்க்கையில் அதை இவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை. முடியக்கூடாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துண்டு எரிந்து முடிந்தது. அதற்குப் பிறகே பாங்கு முடிந்தது.

பின்பக்கத்துச் சின்ன யன்னலைத் திறந்து மழைக்குள் முகத்தை நீட்டி மூச்சு வாங்கினார். கீழே சுவிட்சைத் திரும்பப் போட்டார்கள். பிலிம் இல்லாத மெசின் வெறுமனே கடகடத்தது. விசில் தொடங்கியது. “போடடா படத்தை.” “கை எங்கயடா?” முதலாளி படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் புஷ்பவதி. கதவைத் திறந்ததும் இருவரும் கறுத்த பலகையையும் அவருடைய கையையும் பார்த்தார்கள்.

“சுவிட்ச்...” என்றார் முதலாளி. “என்ர கை தன்பாட்டில போயிட்டுது, அபூதாஹிர்.”

“எனக்கும் நினைப்பில்ல. அதை விடுங்க.”

“ஒட்டிப் போட ஏலாதா? சனம் கொட்டகையைப் பிரிச்சுப்போடும்.”

“பிரிக்கட்டும். கீழ என்ர பொஞ்சாதி இருக்கா. உங்கட மருமகளும் இருக்கா.”

முதலாளி படியில் அப்படியே குந்திவிட்டார். “அப்ப வெளிய போகச் சொல்லுவமா?”

“என்னெண்டு சொல்லுவீங்க? நெருப்பு எண்டு ஒரு சொல்லு விழுந்தா வாசலில மிதிபட்டே சாவாங்க. முதல்ல இந்தப் பெட்டியெல்லாம் வெளிய போகோணும். போற வழி அந்த ஒரு படிதான். சனத்துக்குப் பின்னாலதான் இறங்குது. அதுவரைக்கும் அதுகள் திரும்பிப் பாக்கக்கூடாது.”

விசில் கூடியது. ஒரு போத்தல் உடைந்தது. புஷ்பவதி சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

“காக்கா,” என்றாள், அண்ணனைக் கூப்பிடுகிறது போல அபூதாஹிரை. “நான் போய் மிச்சக் கதையைச் சொல்லுறன்.”

“நீயா?”

“எனக்குத்தானே தெரியும்.”

ஊருக்கு அவளைத் தெரியாது. ஓட்டைக்குள்ளால் ரிக்கெற் நீட்டுகிற வளையல் போட்ட கையை மட்டும் தெரியும். அவள் திரைக்கு முன்னால் மேடையில் ஏறினாள். மேடை விளக்கை மட்டும் போட்டார்கள்.

“ஆரடா இது?”

“ரிக்கெற் தாற கையடா. கைக்கு முகமும் இருக்குது.”

சிரிப்பு எழும்பியது. அவள் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “மெசின் பழுதாப் போச்சு,” என்றாள். “திருத்த ஏலாது. ஆனா அந்தப் பெட்டை கதவைத் திறந்தவளெல்லே, உள்ளுக்கு ஆர் இருந்தது எண்டு நான் கண்டனான். கேக்கப்போறியளோ, வீட்டை போகப்போறியளோ?”

ஒருவரும் எழும்பவில்லை.

அபூதாஹிர் முதல் பெட்டியைத் தோளில் வைத்தார். கை தோலுரிந்து எரிந்தது. முதலாளி இன்னொன்றை எடுத்தார். வாழ்க்கையில் சாமான் தூக்காத மனுசன், படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றவர்களில் ஒருவன் எங்கேயோ ஒளித்துவைத்த பீடியைப் பற்றவைத்திருந்தான். அபூதாஹிர் அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்டார். பெட்டியின் மூடி சரியாக மூடுவதில்லை. நின்றால் திரும்பிப் பார்ப்பான். நிற்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைக் கடந்தார். அவன் திரும்பவில்லை. வாயைத் திறந்தபடி புஷ்பவதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி மேலே போகும்போது அபூதாஹிர் அந்தப் பீடியை அவனுடைய விரலில் இருந்து எடுத்து ஈரக் காலால் மிதித்தார். அவனுக்கு அதுவும் தெரியவில்லை.

“...கட்டிலில கிடந்தது டொக்டர் இல்ல,” என்றது மேடையில் இருந்து குரல். கொட்டகை மூச்சை உள்ளே இழுத்தது.

ஒவ்வொன்றாக எல்லாப் பெட்டியும் இறங்கின. கடைசியாக அந்த அறுந்த றீலைச் சாக்கோடு சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அது இன்னும் சுட்டது. வெளியே, கொட்டகைக்கு எட்டத்தில், கடல் ஏறி இறங்குகிற ஈர மணலில் எல்லாவற்றையும் இடைவெளி விட்டு வைத்தார்கள். மழை அவற்றின் மேல் பெய்தது. அந்தப் பிலிம் இனி ஓடாது, வேறெங்கேயும் ஓடாது. படம் ஊருக்குள் திரும்பி வந்து அரை வழியிலேயே போய்விட்டது. அதை நினைக்க அவருக்கு அப்போது நேரமில்லை.

கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கை தட்டினார்கள். பிறகு சனம் வெளியே வரத் தொடங்கியது. ஒருவரையொருவர் தள்ளாமல், கதைத்துக்கொண்டே வந்தார்கள்.

“அவள் சொன்னது பொய்யடா. டொக்டரெண்டு கட்டிலில கிடந்த அவரின்ர தம்பிக்காரன் எப்பிடிக் கொல்லுவான்?”

“அவனுக்கு இடக்கை. கை இடுக்கால வரேக்க நீ பாக்கயில்லையே?”

“படத்தை விட இவள் நல்லாச் சொல்லுறாள்.”

கெட்டிக்காரன் ஒருவன் அபூதாஹிரின் தோளில் தட்டினான். “காக்கா, நீங்க மேல இருந்து பாத்திருப்பீங்க. தம்பிதானே கொன்றவன்?”

“நான் பாக்கயில்ல, தம்பி. வழியை விட்டு நட,” என்றார்.

அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்குக்காரர், உத்தியோகத்தர், சாம்பல்தீவு வண்டிக்காரர், பொல்லூன்றி வந்த ஒரு கிழவர், அவரைப் பிடித்துக்கொண்டு வந்த மகள். பெண்கள் பக்கத்துச் சாக்கு விலகியது. ஸல்ஹா வந்தாள். அவளுக்குப் பின்னால் வெகு நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு றஹ்மா வந்தாள். கணவனின் சட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அவளுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. சட்டையில் அடித்த எரிந்த பிலிம் வாடை, மூதூரில் இருந்து திரும்பி வந்த அன்றைக்கு அவருடைய உடுப்பில் இருந்த வாடைதான்.

“கையைக் காட்டுங்க,” என்றாள்.

“உள்ள இன்னும் ஆரும் இருக்காங்களா?”

“கையைக் காட்டுங்க எண்டுறன்.”

“சொல்லு, றஹ்மா. ஆரும் இருக்காங்களா?”

அவள் சாக்கை விலக்கித் திரும்பவும் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தரும் இல்ல. புஷ்பவதியும் முன் வாசலால போயிட்டா. நான்தான் கடைசி.”

அதற்குப் பிறகுதான் அவர் கையை நீட்டினார்.